ஈரமண்ணில் பதினான்கு தடங்கள்

இடமும் வலமும், பக்கத்துக்குப் பதினான்கு பல்தடங்கள். அவ்வளவுதான் அவன் பதித்தது. பலகையில் பிளாஸ்டர் மாவையும் சலித்த மண்ணையும் பசையோடு குழைத்துப் பரப்பி, அது இறுகுமுன் பொம்மை டாங்கி செய்ததில் மிச்சமிருந்த சங்கிலித் துண்டை அழுத்தி அழுத்தித் தடம் எடுத்து, அந்தத் தடத்தின் நுனியில் உள்ளங்கை அகல டாங்கியை ஒட்டியிருந்தான். வரைபடம் போடுகிறவன், எண்ணிக்கை பிசகாது. ஞாயிறு காலை எண்ணிப் பார்த்தால் பதினெட்டு இருந்தது.

அசைத்துப் பார்த்தான். ஒட்டு இம்மியும் விடவில்லை. ஆனால் மூன்று நாளாகக் காய்ந்த மண் விரலில் ஈரமாக ஒட்டியது.

போன வாரம் மைத்துனன் கேலி செய்ததில் வந்த வேகம் இத்தனையும். "என்ன மாமா, டாங்கி சண்டைக்குப் போகுதா, கல்யாணத்துக்குப் போகுதா? இப்படிப் பளபளன்னு இருக்கு!" மனைவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நமக்கும் அப்படி ஒரு சிரிப்பு மறக்காமல் இருக்குமே, அதுபோல. வாரம் முழுக்கப் பெயின்ட்டைச் சுரண்டினான், மடிப்புகளில் பழுப்புக் கரைசலை ஓடவிட்டான், துருப்பொடி தூவினான்.

மாலையில் பொம்மைக் கண்காட்சி. சேர்த்து எடுத்துப்போக மைத்துனன் தன் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையின் மறுகோடியில் வைத்தான். பல் செட் செய்கிற கை அவனுக்கு. குட்டி வீடு, வேலி, கொடிக்கயிறு. துணி காயப்போடும் ஒரு பெண், கட்டைவிரல் உயரம்.

"என்னங்க, இங்க வாங்களேன்! கொண்டையைச் செருகியிருக்கறதைப் பாருங்க. நானேதான்! நீலச் சட்டைகூட என்னுது" என்றாள் மனைவி.

"அக்காவை விட்டா வேற யாரை எனக்குத் தெரியும்?"

"இத்தனை வருஷமா செய்யறீங்களே, என்னை ஒரு தடவையாவது செய்யணும்னு தோணுச்சா உங்களுக்கு?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியே போய்விட்டாள். மைத்துனன் வண்டி பிடிக்கத் தெருவுக்கு இறங்கினான்.

அவன் தன் பலகைக்கு வந்தான். குனிந்து எண்ணினான்.

இருபத்திரண்டு.

டாங்கியின் மூக்கு தன் பலகையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதிரே, ஒரு முழம் தள்ளி, அந்த நீலப் பொம்மை. டாங்கியைப் பலகையோடு தூக்கி அலமாரியில் பூட்டியிருக்கலாம். கை அதற்குத்தான் நீண்டது. நீண்ட கை பலகையைப் பிடித்து, மெதுவாக, மேசையில் உரசும் ஓசைகூட எழாமல், மைத்துனனின் பலகையோடு விளிம்புக்கு விளிம்பு சேர்த்து வைத்தது. பிறகு பிரஷ் கழுவுகிறவன்போலத் திரும்பி நின்றுகொண்டான்.

பின்புறத்தில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும், ஈரத்துணியை உதறும் சத்தமும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. டர்ப்பன்டைன் வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம் கிளம்பியது. எரிந்த டீசல். குவளைத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. மேசையில் ஏதோ நறநறத்தது.

அவன் திரும்பவில்லை. வேலி ஒடியட்டும். வீடு நொறுங்கட்டும்.

தரை அதிர்ந்தது.

பாட்டு நின்றது.

திரும்பினான். டாங்கி அடுத்த பலகையில் இருந்தது. வேலி இல்லை. கொடிக்கயிறு இல்லை. சங்கிலிக்கு அடியில் துளி நீலம்.

"இந்தாம்மா..." என்று கூப்பிட்டான்.

ஜன்னலுக்குப் போனான்.

பின்சுவர் விழுந்து கிடந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. மாதக்கணக்காக மழை காணாத மண்ணில், முழங்கால் ஆழத்துக்கு, இரண்டு சேற்றுத் தடங்கள். ஒவ்வொரு பல்லும் அளவுகோல் வைத்ததுபோல் அச்சாகப் பதிந்திருந்தது. அவற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

வேண்டாம் என்றாலும் கண் எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று.

பதினான்காவதில் நீலத் துணி.