இரண்டா, ஏழா?

தம்பி பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாருக்குமே அவள் அக்காதான். அப்பாகூட அப்படித்தான் கூப்பிடுவார். அக்காவுக்கு வயது பத்து. தம்பிக்கு இரண்டு. கண்ணில் பட்டதெல்லாம் அவன் வாய்க்குள் போய்விடும்.

அன்று போனது மாத்திரை. அக்காவின் பென்சில் பெட்டியைத் திறந்து, இனிப்பு பூசிய சிவப்பு மாத்திரை அட்டையைக் காலி செய்திருந்தான். நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது.

அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம். அப்பா தன் பழைய பேப்பர் கடையை அப்படியே போட்டுவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அக்கா காலி அட்டையோடு பின்னாலேயே ஓடினாள்.

டாக்டரம்மா அட்டையைப் படித்தார். "இரும்புச் சத்து மாத்திரை. யாருக்குக் கொடுத்தது?"

"பொண்ணுக்கு. ரத்தம் கம்மின்னு தினம் ஒண்ணு போடச் சொன்னாங்க," என்றார் அப்பா. "கீரைல இருக்கிற இரும்புதானே டாக்டர்? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எத்தனை தின்னான்கிறதைப் பொறுத்தது. பையன் என்ன எடை?"

"பதினோரு கிலோ. நேத்துதான் கடைத் தராசுல உக்காரவச்சு எடை போட்டேன்."

"அட்டைல பத்து இருந்திருக்கு. இவன் எத்தனை தின்னான்?"

"இவ எட்டு நாளா போடறா. எட்டு போக ரெண்டு."

டாக்டரம்மா காகிதத்தில் கணக்குப் போட்டார். "இந்த எடைக்கு ரெண்டுன்னா பயமில்லை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி டாக்டரம்மாவின் பேனாவைப் பிடுங்கித் தின்னப் பார்த்தான்.

அக்கா மட்டும் காலி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதென்று மூன்று நாளோடு நிறுத்திவிட்டாள். அப்பா கேட்டபோதெல்லாம் "போட்டேம்ப்பா" என்று கூசாமல் புளுகியிருந்தாள். இப்போது சொன்னால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் தம்பி?

"ரெண்டு இல்ல டாக்டர். ஏழு," என்றாள். "நான் மூணுதான் போட்டேன். அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா மறுபடி கணக்குப் போட்டார். "ஏழுன்னா இவனுக்கு விஷம். உடனே வார்டுல சேக்கணும். நல்லவேளை சொன்னே." நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தார்.

அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலத்துக்குள் தம்பி வாந்தி எடுத்து எடுத்து, வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தான். அம்மாவும் அக்காவும் கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள்தான் அவன் கண்ணைத் திறந்து, "அக்கா, பிக்கட்டு," என்றான். அக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அப்பா கேட்டார். "மாத்திரை போட்டியா?"

"நேத்து போட்டேன். இன்னிக்கு இன்னும் போடலப்பா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றை விழுங்கிவிட்டு, புது அட்டையை நீட்டினாள்.

அப்பா வாங்கி, எண்ணிப் பார்க்காமலே அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.