காலி என்று எழுதிய பெட்டி

பகல் மூன்று மணி. கண்ணாடி அறைக்குள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கணினியில் ஏற்றி, இது எதற்குச் சொந்தம், தானாக வந்ததா, எதிரி எவனாவது ஏவிவிட்டதா என்று அலசுவது அவர்கள் வேலை. அதைச் சத்தம் போட்டு, பந்தயம் கட்டித்தான் செய்வார்கள். இன்றைக்குக் குளிர்சாதனத்தின் இரைச்சலும், பினாயில் நெடியும், சுவர்த்திரையில் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்த நான்கே எழுத்துகளும் மட்டும்.

நாற்பது வயதில் அவள் எழுத்துக்கூட்டப் பழகியபோது கணினிக்காரப் பெண் கிண்டல் செய்திருக்கிறாள். “நாலு எழுத்து தெரிஞ்சா போதும்க்கா. இங்க மொத்தமே நாலு எழுத்துதான்.”

நேரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். மகள் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். துணைக்கு ஆளில்லை. நேற்று ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சுவரிலிருந்த, இரண்டு பக்கமும் பேசுகிற ஒலிபெருக்கி கரகரத்தது. உள்ளேயிருந்து கணினிக்காரப் பெண்.

“அக்கா, போன வாரம் எரிக்கச் சொல்லி எத்தனை தெர்மோகோல் பெட்டி குடுத்தோம்?”

“ஆறும்மா.”

“ஆறையும் எரிச்சீங்களா?”

ஐந்தைத்தான் எரித்தாள். ஆறாவது பெட்டியின் மூடியில் கறுப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. விரல் வைத்துத் தானே படித்தாள். கா. லி. யாரையும் கேட்காமல் ஒன்றைத் தெரிந்துகொண்ட சந்தோஷம் அன்றைக்கு முழுக்க இருந்தது. பெட்டியை ஓர் அலசு அலசி, மகளுக்குப் பால் வைக்க வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனேன். காலின்னு போட்டிருந்துச்சு. வெறும் பெட்டிதானேன்னு…”

அறைக்குத் தலைவரான பெரிய சாரின் குரல் வந்தது, மெதுவாக.

“ஆள் காலின்னு சொல்லுவோமில்ல? அந்தக் காலிம்மா அது. தீர்த்துக்கட்ட வேண்டியதுல பசங்க அப்படி எழுதுவாங்க.”

யாரோ சிரித்தார்கள். சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

திரையில் இப்போது இரண்டு வரிசைகள். மேலே, இவர்கள் உறைபெட்டியில் பூட்டி வைத்திருக்கும் கிருமி. கீழே, நேற்று வந்த பஞ்சு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. கீழ் வரிசையின் ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழ். கூட்டிப் படித்தாள். பெண். வயது ஒன்பது. அவளுடைய தெரு. அவளுடைய கதவு எண்.

“சார், பிள்ளைக்கு மருந்து?”

“தெருவை மூடச் சொல்லியாச்சு.”

“மருந்து கேட்டேன் சார்.”

“இருந்தா நாங்க ஏன் அதைப் பூட்டி வெச்சிருக்கோம்?”

அவளுக்குப் பின்னால், நடைக்கதவில், டக்கென்று ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது.

“அம்மா, யாரோ கதவுல பலகை வெச்சு அடிக்கிறாங்க.”

“யாருடி?”

“முகத்தை மூடியிருக்காங்க. கூப்பிட்டேன். திரும்பவே இல்ல.”

ஆணிச் சத்தம். இன்னொன்று.

“ஜன்னலுக்கும் வந்துட்டாங்கம்மா. இருட்டாகுது.”

அவர்களுக்கும் கேட்கட்டும் என்று போனைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். கணினிக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கை நீட்டி எதையோ அமுக்கினாள். ஒலிபெருக்கியின் சின்ன விளக்கு அணைந்தது. ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பினார்கள். விரல்கள் தட்டத் தொடங்கின.

போனில் ஆணிச் சத்தம் நின்றது.

மூச்சு. மகளின் ஈரமான மூச்சு.

“அம்மா… வெளியில நிக்கிறது நீதானே? திறம்மா.”

பிறகு நகங்கள். உள்பக்கமிருந்து, ஜன்னல் பலகையில்.