வலியில்லை என்றவன்

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற இடமென்றால் தெருமுனைக்கு வரும்போதே அலறல் கேட்க வேண்டும். சித்தூர் ஜில்லாவில் பிறந்து ஒருமுறையாவது கையைக் காலை ஒடித்துக்கொண்டவனுக்கு இது தெரியும். ஆனால் திருப்பதியில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அந்த பிசியோதெரபி வைத்தியசாலையில் கன்னையா உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில், உள்ளறையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மூன்று பேர் உள்ளே போயிருந்தார்கள். கீழே யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது, சுவர்க் கடிகாரம் டொக்டொக்கென்று ஓடியது, சித்திரை வெயிலில் சுவரின் சுண்ணாம்பு காய்ந்து வாசனை எழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஓசையே இல்லை.

கன்னையாவுக்கு ஊர் நாகலாபுரம். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். கபடியில் அவன் பாடிக்கொண்டு நுழைந்தால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். விளையாட்டுக்காரர்களுக்கு ரயில்வேயில் வேலை என்று தேர்வு வைத்தபோது, வேலை கிடைத்தால் திருமலைக்குப் போகும் நடைபாதையில் மோகாளி மெட்டின் செங்குத்துப் படிகளை முழங்காலாலேயே ஏறுவதாக வேண்டிக்கொண்டான். முதல் தேர்வில் பெயர் வந்ததுமே மனம் நிற்கவில்லை. வேண்டுதலை முதலிலேயே செலுத்திவிட்டால் சாமியால் மறுக்க முடியாது என்று எண்ணி, வேலை வருமுன்பே ஏறிவிட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வலது முட்டி வீங்கி, மூன்று வாரமாக மடக்க முடியவில்லை. திங்கட்கிழமை கடைசித் தேர்வு. உடல் தகுதி சர்ட்டிபிகேட் இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். இப்போதே இருபத்தேழு வயது; அடுத்த வருடம் அவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

அவன் களைத்துப்போயிருந்தான். வலியால்கூட அல்ல. நொண்டி நொண்டி நடந்தும், "கால் எப்பிடிக்குது?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியுமே அலுத்துவிட்டது.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி யசோதா. "சர்ட்டிபிகேட்டுக்கோசரம் வாய மூடிக்கினு வந்துடாத."

"தெரியும் மே."

உதவிக்கு இருந்த ரத்னம்மா கதவைத் திறந்தாள். "நீ வாப்பா. யம்மா, நீ பின்னாடி சந்துல படிகிட்ட நில்லு. வைத்தியம் முடிஞ்சவங்க அந்தப் பக்கமாத்தான் எறங்குவாங்க."

உள்ளே ஒரு நீள மரக்கட்டில், வெள்ளை விரிப்பு, சூடு காட்டுகிற சிவப்பு விளக்கு, உருக்கிய மெழுகின் வாசனை. தலைமாட்டு ஜன்னலிலிருந்து சந்து தெரிந்தது. வைத்தியர் முனிகிருஷ்ணன் ஒல்லியானவர். அவரும் தூக்கமில்லாதவர் போலவே இருந்தார். எந்தக் காலை ஊன்றித் தாவுவாய், எப்படி விழுவாய், ராத்திரி புரண்டு படுக்க முடிகிறதா என்று சாவகாசமாக விசாரித்தார். முதலில் நல்ல காலை மடக்கி நீட்டினார். பிறகு ஒரு நீலப் பென்சிலை எடுத்தார்.

"நான் அமுக்கிக்கினே கேப்பேன். வலிச்சா ஆமான்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நீ சொல்றத வெச்சித்தான் நான் செய்வேன்."

"சர்ட்டிபிகேட் சார்…"

"வலியில்லேன்னா இன்னிக்கே குடுத்துடலாம்."

கட்டைவிரல் முட்டிக்குள் இறங்கியது. கன்னையாவுக்கு உச்சிமயிர் நட்டுக்கொண்டது. பல்லைக் கடித்ததில் காது அடைத்தது, கண்ணோரம் நீர் முட்டியது. ஆனாலும் தேர்வுக்குப் போகிறவனுக்கு நாக்கு எப்போதும் தயார்.

"இல்ல சார்."

வைத்தியர் முட்டியைச் சுற்றி நீலக் கோடு போட்டார். சட்டென்று வலி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, விளக்கை அணைத்தது போல நின்றது. மூன்று வாரத்துக்குப் பிறகு கிடைத்த அந்த நிம்மதியில் கன்னையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழுமலையானே, நீ என்னைக் கைவிடவில்லை என்று முட்டியைத் தொட்டுப் பார்த்தான். விரலுக்கு முட்டி தெரிந்தது. முட்டிக்கு விரல் தெரியவில்லை.

"இங்க?" விரல் தொடைக்கு ஏறியது.

அங்கே உண்மையாகவே வலி இல்லை. "இல்ல."

நீலக் கோடு. தொடையும் போயிற்று.

அப்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. வலி எங்கும் போகவில்லை. கட்டிலிலேயே இருந்தது. அவன் காலுக்கு அடியில், விரிப்போடு விரிப்பாக, விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அவனுக்குக் கால் இல்லை. ஆனால் வலிப்பது அவனுக்குத்தான்.

"சார், எனுக்கு என்னமோ பண்ணுது…"

"வலிக்குதா?"

மேஜைமேல் சர்ட்டிபிகேட் இருந்தது. பெயர் எழுதியாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. ஆமாம் என்று சொல்ல இதுதான் சமயம். சொன்னால் ஆலை, மூட்டை, சாகும்வரை நொண்டல்.

"வலியில்ல சார்."

இடுப்பு. கோடு.

வயிறு. கோடு.

ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் கொஞ்சம் கீழே இறங்கினான். விரிப்புக்குள். வலி இருக்கும் இடத்துக்கு.

மார்பில் விரல் பட்டபோது ஆமாம் என்று கத்த நினைத்தான். வலிக்குது சார். எல்லாம் வலிக்குது. யசோதா.

வாய் அவனைக் கேட்காமலே பேசியது.

"இல்ல சார்."

கழுத்து. கோடு.

நெற்றி.

அதன்பிறகு அவன் உடம்பு கட்டிலிலிருந்து எழுந்தது. கன்னையா எழவில்லை. அது எழுந்து வேட்டியைச் சரிசெய்தது. வலது காலை ஊன்றியது. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தது. வைத்தியர் கையெழுத்துப் போட்டார். தாளை வாங்கி மடித்துக்கொண்டு, துளியும் நொண்டாமல், பின்படி இறங்கிப் போனது.

கன்னையாவுக்கு இப்போது கண் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஆனாலும் ஜன்னல் தெரிந்தது. கீழே சந்து தெரிந்தது. யசோதா ஓடி வந்தாள்.

"நெசமாவே சரியாப் போச்சாய்யா?"

"ஆங். வலியே இல்ல."

அவன் குரல்தான்.

"மூஞ்சியப் பாத்தா நம்ப முடியல. இரு, நானே பாக்கறேன்."

நம்பாதே. அது நானில்லை. மேலே பார். சொல்ல நாக்கு இல்லை. ரத்னம்மா வந்து விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். ஒரு சுருக்கமும் இல்லாமல், யாருமே இல்லாத கட்டிலாக அது படிந்தது.

சந்தில் யசோதா குனிந்தாள். கட்டைவிரலை அந்த முட்டியில் வைத்து, பலமாக அமுக்கினாள்.

விரிப்புக்குள் கன்னையா துடித்தான்.

கீழே நின்றவன் சிரித்தான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நம்பிக்கை வராமல் இன்னும் ஒருமுறை அமுக்கினாள்.