நூறு மடங்காய் ஒரு மரணம்

"ஐயோ... ஐயோ... ஐயா!"

சனிக்கிழமை. காலை எட்டேகால்.

ஜெபவீட்டைப் பெருக்க வந்த அம்மாள் போட்ட அலறலில், மாடிக் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன.

துடைப்பம் ஒரு பக்கம். அவள் ஒரு பக்கம்.

நடுவில்... பாஸ்டர்!

அலுவலக அறையின் தரையில், கோட்டும் சூட்டுமாக, குப்புற. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தது இரும்புக் காணிக்கைப் பெட்டி. அதன் ஒரு மூலையில் ரத்தம். கொஞ்சம் முடி.

ஊரில் அவருக்கு 'நூறு மடங்கு ஐயா' என்று பேர். கடவுளுக்கு ஒன்று கொடு, நூறாகத் திரும்பி வரும்... பதினாறு வருடமாக இந்த ஒரே பிரசங்கம். இதைச் சொல்லிச் சொல்லியே, படம் ஓடாமல் கிடந்த ஒரு தியேட்டரை வாங்கி ஜெபவீடாக்கினார். மூன்று கார் வாங்கினார். பால்கனியில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டுமானால் மாதக் காணிக்கை தனி!

பதினாறு வருடமாகப் பெட்டியை நிரப்பியவர்.

இன்றைக்குப் பெட்டி அவரைக் காலி செய்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பிணத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இந்த ஸ்டேஷனுக்கு அவள் மாற்றலாகி வந்து மூன்று மாதம். இங்கே முதல் கொலை.

"உடம்புல இன்னும் சூடு இருக்கு மேடம்," என்றார் போலீஸ் டாக்டர். "ஏழுல இருந்து எட்டுக்குள்ள. ஒரே அடி இல்ல. மூணு."

"பெட்டியில ரேகை எடுக்கச் சொல்லுங்க."

"எடுத்துப் பிரயோஜனம் இல்ல மேடம்," என்றார் ஏட்டு. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "ஊர்ல இருக்கிற அத்தனை கையும் அதுமேலதான் இருக்கும்."

"நீங்களும் சர்ச்சுக்குப் போறவர்தானே?"

"போறவன்தான். எங்க சபை வேற. எங்க பாஸ்டர் சைக்கிள்ல வருவார். அதுவும் பாதி நாள் தள்ளிக்கிட்டு!"

மேஜைமேல் பழுப்புக் கவர்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு பேர். பாஸ்டரின் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் ஒன்றைப் பிரித்தாள். ஒரு தாலிச் சங்கிலி.

இன்னொன்று. நிலப் பத்திரம்.

இன்னொன்று. ஒரு செக். கூடவே துண்டுச் சீட்டு. 'நான் உங்களிடம் வாங்கியது. இது உங்களுடையது. என்னை மன்னியுங்கள்.'

ஏட்டு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மேடம்... இந்த மனுஷன் திருப்பிக் கொடுத்திருக்கார்!"

"அதுக்கு ஏன் வாயைப் பிளக்கறீங்க?"

"இந்தத் தொழில்ல இது வழக்கமே இல்லையே மேடம்!"

மேஜைக்கடியில் ஒரு காகிதம் கிழிந்து கிடந்தது. தபால்தலை அளவுக்குத் துண்டு துண்டாக. சிலவற்றில் ரத்தம். பொறுக்கி ஒட்டிப் பார்க்கச் சொல்லி ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"வாங்க. பொண்டாட்டியைப் பார்ப்போம்."

பாஸ்டரம்மா அழவில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தம்பி. சபையின் பொருளாளர். கையில் ஒரு ஃபைல்.

"உங்க வீட்டுக்காரர் எல்லாருக்கும் எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கப் போறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? மூணு நாளா வீட்ல அதுதானே சண்டை!" பாஸ்டரம்மாவின் குரல் சுருக்கென்று வந்தது. "வீட்டை விக்கணுமாம். காரை விக்கணுமாம். வித்து ஏழைங்களுக்குக் கொடுத்துட்டு நான் இவர் பின்னாடி வெறுங்காலோட நடக்கணுமாம். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்!"

"எப்ப இருந்து இப்படி?"

"ரெண்டு மாசம் முன்னாடி சபையில ஒரு சாவு. அடக்கம் பண்ணப் போனார். குழிக்கிட்ட யாரோ என்னமோ கேட்டாங்களாம். வந்து படுத்தவர்தான். சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. 'இத்தனை வருஷமா கடவுள் பேர்ல பொய் சொல்லிட்டேன்டி... அவர் கொடுன்னுதான் சொன்னார், கொடுத்து சம்பாதின்னு சொல்லல'ன்னு ஒரே புலம்பல்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மேடையில இதைச் சொல்றதா இருந்தாரா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா உங்களுக்கு எல்லாம் போச்சு."

"ஆமா."

"ஏழுல இருந்து எட்டு வரைக்கும் எங்கே இருந்தீங்க?"

தம்பி தொண்டையைச் செருமினான். "டாக்டர் வீட்ல இருந்தோம் மேடம். நானும் அக்காவும்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"அத்தானுக்கு."

"அவர்தான் கூட வரலையே!"

தம்பி ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினான். இன்றைய தேதி. மனநல டாக்டரின் கையெழுத்து. பாஸ்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சொத்து விவகாரங்களில் முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்று சீல் வைத்த சர்ட்டிபிகேட்!

"ஆளைப் பார்க்காமலேயா எழுதிக் கொடுத்தார்?"

"பார்க்கணும்னுதான் சொன்னார் மேடம். அத்தான் காரை வித்து ஏழைங்களுக்குக் கொடுக்கப் போறார்னு சொன்னோம். அதுக்கப்புறம் டாக்டருக்கே சந்தேகம் வரல!"

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

பாஸ்டரம்மா புடவைத் தலைப்பை மடிப்புக் கலையாமல் சரி செய்தாள்.

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போடற உரிமை என் கைக்கு வந்திருக்கும். நான் எதுக்கு அவரைக் கொல்லணும்? எவனோ எனக்கு அரை நாள் அலைச்சலை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கான். அவ்வளவுதான்."

ஒருத்தியைக் கைது செய்ய வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டு, செய்ய வழியில்லாமல் போனது இன்ஸ்பெக்டருக்கு இதுதான் முதல் தடவை.

வாசலுக்கு வந்ததும் ஏட்டு செல்போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"டாக்டர் வீட்ல கேட்டுட்டேன் மேடம். உண்மைதான். ஆறரைக்கே போய்க் கதவைத் தட்டியிருக்காங்க. எட்டரைக்குத்தான் கிளம்பியிருக்காங்க."

அதே நேரம் இன்ஸ்பெக்டரின் போன் அலறியது.

ஸ்டேஷனிலிருந்து பெண் கான்ஸ்டபிள். "ஒட்டிப் பார்த்துட்டேன் மேடம். ஒரு வீட்டுப் பத்திரம். சபையில தையல்காரம்மான்னு ஒருத்தங்க... அவங்க பேர்ல இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டாராம்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"யார் மேடம் கிழிச்சிருப்பாங்க?" என்றார் ஏட்டு.

"திருட வந்தவனா இருந்தா எடுத்துட்டுப் போயிருப்பான். பாஸ்டரம்மாவா இருந்தா பூட்டி வச்சிருப்பாங்க."

"அப்ப?"

"கையில கொடுத்தும் வேண்டாம்னு சொன்ன ஆளாத்தான் இருக்கணும்... வண்டியை எடுங்க!"

லாண்டரிக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷின் சத்தம் வாசல்வரை கேட்டது.

தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. பழைய துணி ஒன்றைச் சுற்றியிருந்தாள்.

"வந்துட்டீங்களா? உட்காருங்க மேடம். இந்த ஒரு காலர் மட்டும் வச்சுடறேன். இன்னிக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

ஏட்டு வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அடக்கினாள்.

காத்திருந்தார்கள்.

காலர் முடிந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்தாள்.

"என் வீட்டுக்காரர் பெயின்ட்டர் மேடம். ரெண்டு கிட்னியும் போச்சு. அவரோட தங்கச்சி ஒண்ணு தரேன்னா. ஆபரேஷனுக்குத்தான் பணம் வேணும். வீட்டை அடமானம் வைக்கலாம்னு பத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். போற வழியில ஜெபம் பண்ணிட்டுப் போலாம்னு உள்ளே போனேன்."

"பாஸ்டர் கேட்டாரா?"

"டாக்டர் கையில கொடுக்கறதைக் கடவுள் கையில கொடும்மான்னார். கொடுத்துட்டேன். வீடு சபைக்குப் போச்சு. நாங்க இங்கே வந்துட்டோம்."

"உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் தடவினாள்.

"அழுதார் மேடம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடின்னு கையெடுத்துக் கும்பிட்டார். விசுவாசம் இல்லாமப் பேசாதீங்க, உங்களாலதான் ஆசீர்வாதம் தள்ளித் தள்ளிப் போகுதுன்னு திட்டினேன். பதினோரு நாள் கத்தினார். அந்தச் சத்தம் காதுல விழாம இருக்கறதுக்காக மெஷினை வேகமா மிதிப்பேன். பன்னெண்டாம் நாள் மிதிக்க வேண்டிய அவசியம் வரல."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"குழிக்கிட்ட பாஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். 'ஐயா, கொடுத்துட்டேன், அவரும் போயிட்டார்... இன்னும் எத்தனை நாள்ல வரும்?'னு. அவர் பதிலே சொல்லல. வெளுத்துப் போயிட்டார். நான் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன் மேடம். ரெண்டு மாசமும் நம்பினேன். காலையில போன் பண்ணி 'உனக்குக் கொடுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, ஏழரைக்கு வாம்மா'ன்னதும்... வந்துடுச்சுன்னு நினைச்சு இருக்கறதுல நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு ஓடினேன்!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது.

"கவரைக் கொடுத்தார். பிரிச்சா... என் பத்திரம். நான் கொடுத்த அதே பத்திரம்! என் கால்ல விழுந்தார். 'நான் சொன்னது பொய்ம்மா. கடவுள் அப்படிச் சொல்லவே இல்ல. உன் புருஷனை நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்'னார்."

அவள் மடித்த சட்டையின் காலரை நீவினாள்.

"அது பொய்னா... என் வீட்டுக்காரரைக் கொன்னது யாரு மேடம்? நான்தானே?"

அவள் மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டேன். 'பொய் இல்லன்னு சொல்லுங்கய்யா, இன்னும் கொஞ்ச நாள்ல வரும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போயிடறேன்'னு கெஞ்சினேன். அவர் தலையைத் தூக்கவே இல்ல. 'இல்லம்மா, இனிமே பொய் சொல்ல மாட்டேன்'னார். மறுபடி கேட்டேன். 'மாட்டேன்'னார். பெட்டி பக்கத்துலயே இருந்துச்சு."

"அவர் மனசு திருந்தி வந்தவர்ம்மா. மன்னிச்சிருக்கலாமே?"

"அவரை மன்னிச்சிருப்பேன். அப்புறம் என்னை யார் மன்னிக்கறது?"

அவள் எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாய் மடித்த சட்டையை எடுத்து ஏட்டிடம் கொடுத்தாள்.

"லாண்டரிக்காரர்கிட்ட கொடுத்துடுங்கய்யா. கூலி வாங்கிட்டேன்."

மறுநாள் காலை. ஜெபவீட்டில் நிற்க இடமில்லை. பால்கனி பிதுங்கியது.

பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் கடைசி வரிசையில் நின்றாள். மேடையில் கறுப்புப் புடவையில் பாஸ்டரம்மா. இன்றைக்குக் கண்ணீர் தாராளமாக வந்தது.

"ஒருத்தி வந்தா... கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுன்னு கேட்டா! என் புருஷன் மாட்டேன்னார். கொன்னுட்டா! அன்பானவங்களே, கொடுத்ததைத் திருப்பி வாங்கற கை... சாபம் பிடிச்ச கை!"

கூட்டம் விம்மியது. தம்பி காணிக்கைப் பைகளோடு வரிசை வரிசையாக இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் மேடையை நோக்கி நாலு அடி வைத்தாள். ஏட்டு அவள் கையைப் பிடிக்காத குறையாக மறித்தார்.

"வேண்டாம் மேடம். ஜெபத்தைக் கெடுத்தீங்கன்னு மேலிடத்துக்கு மனு போகும். பொய்ப் பிரசங்கத்துக்கு நம்ம புஸ்தகத்துல செக்ஷன் இல்ல."

"அந்தக் கவர்கள் நம்மகிட்ட இருக்கு ஏட்டய்யா. செத்துப்போன மனுஷன் ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். நான் கொடுத்தே தீருவேன்!"

சொன்னதைச் செய்தாள். கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். பாஸ்டரம்மாவின் வக்கீலோடு மல்லுக்கட்டினாள். ஐந்தாவது வாரம் உத்தரவு கையில் வந்தது. உரியவர்கள் ஒரு வாரத்துக்குள் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்!

கவரில் பேர் இருந்த நாற்பது பேருக்கும் அவளே போன் செய்தாள். சிலர் பாதியில் வைத்தார்கள். சிலர் ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். தாலிச் சங்கிலிக்காரி மட்டும் ரகசியக் குரலில், "மேடம், இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க, சாபம் ஒட்டிக்கும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை. கெடு முடிகிற நாள். வெளி விசாரணைக்குப் போயிருந்த இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து மேஜையைப் பார்த்தாள். கவர்கள் அப்படியே இருந்தன.

"நாற்பது பேர்ல ஒருத்தர்கூடவா வரல?"

"ஒருத்தர் வந்தார் மேடம்," என்றார் ஏட்டு.

"அப்பாடா! கவரைக் கொடுத்தீங்களா?"

"தொடவே மாட்டேன்னுட்டார். அதைச் சபைக்கே திருப்பி எழுதிக் கொடுக்க வந்தாராம். சபை ஆபீஸ் பூட்டியிருக்கு, காணிக்கையை இங்கேயே வாங்கிப்பீங்களான்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்கேயும் வாங்குவோம், ஆனா அதுக்கு நாங்க வேற பேர் வச்சிருக்கோம்னு சொன்னேன் மேடம்!"