பெரிய வெள்ளியில் அடித்த மணி

கொடைக்கானலில் வேலை கிடைத்ததும் திண்டுக்கல்லில் எல்லோரும் என்மேல் பொறாமைப்பட்டார்கள். ஒரு வாரம் இந்தக் குளிரில் துணி உலர்த்திப் பார்த்திருந்தால் பட்டிருக்க மாட்டார்கள். 1962 தவக்காலத்தில், வில்பட்டிப் பாதையோரம் இருந்த சின்னக் கத்தோலிக்கக் கோயிலுக்கு என் இரும்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். மணிக்கூண்டுக்கு அடுத்த அறையைக் கொடுத்தார்கள். சுவரெல்லாம் ஈரம், உள்ளே எப்போதும் அணைந்த மெழுகுவர்த்தியின் வாசம்.

பெட்டியைத் தூக்கி வந்தவர் கோயில்பிள்ளை இன்னாசி. பெருக்குவது, விளக்கேற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் சோலி. பெட்டியை இறக்கியவர் ஜன்னலைப் பார்த்தார்.

"மஞ்சு இறங்குது டீச்சரம்மா. சத்தமா இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. மூடுபனி விலகும்வரை அவர் நிறுத்தவில்லை.

அது அந்தக் கோயிலின் பழக்கம். பாதையின் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். மஞ்சு மூடினால் கால் வைக்கிற இடம் தெரியாது. காய்கறியும் பூண்டும் சுமந்து டவுனுக்கு வருகிற வில்பட்டிக்காரர்கள் மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். கும்பிடுவது பழனி முருகனை. வழிக்கு நம்பியது எங்கள் மணியை.

ஆனால் இன்னாசி அடித்தது பழக்கத்துக்காக அல்ல. பாதிச் சோற்றில் எழுந்து ஓடுவார். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அடிப்பார். ஒருநாள் கயிறு அறுத்த கைக்கு மருந்து போட்டுவிட்டபோது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"பெரிய வியாழன் பூசையோட மணியைக் கட்டிருவோம்ல, டீச்சரம்மா. ஆண்டவர் உயிர்க்கிற பாஸ்கு வரைக்கும் மரக்கட்டையத்தான தட்டுவோம். அஞ்சாறு வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய வெள்ளி. மதியமே மஞ்சு இறங்கிருச்சு. கட்டைச் சத்தம் பாதைத் திருப்பத்துக்கு எட்டாது. கயித்தைத் தொட்டேன். ஆண்டவர் சாகுற நேரத்துல மணி அடிக்கிறதான்னு விட்டுட்டேன். முழங்கால் போட்டு, பாதையில இருக்கவங்களை நீரே பாத்துக்கொள்ளும்னு செபம் பண்ணினேன். உருக்கமாத்தான் பண்ணினேன்."

பாதையில் இருந்தவள் பிச்சையம்மாள். கன்னியர் மடத்துச் சமையலுக்குப் பூண்டு கொண்டு வருகிறவள். எங்கள் சட்டம் வில்பட்டிக்காரிக்கு எப்படித் தெரியும்? மணி கேட்கும் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். கேட்கவில்லை. வழி பார்க்க நாலடி நடந்திருக்கிறாள். மறுநாள் கூடை பாதையில் இருந்தது, அவள் பள்ளத்தில் கிடந்தாள்.

"பூசை வைக்கிற சாமியார்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினீங்களா அண்ணே?"

"வந்த சாமியார் எல்லார்கிட்டயும் பண்ணிட்டேன். எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. நீ சட்டப்படி நடந்தே, இது பாவமில்லே, மன்னிக்க ஒண்ணுமில்லேங்குறாங்க. பாவம்னு சொல்லிட்டா மன்னிப்பு வாங்கிறலாம். இதுக்கு நான் எங்க போறது?"

"அவ வீட்டுக்கு?"

"போனேன். அவ புருசன் கையெடுத்துக் கும்பிட்டாரு. உங்க சாமிக்கு ஆகாத நாளு, நீங்க என்ன பண்ணுவீங்கன்னாரு. நாலு அறை விட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

வேதபாட வகுப்பில், செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான். அன்றைக்கு மருந்துக் குப்பியை மூடினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லியிருந்தால் சாமியார் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்.

பெரிய வெள்ளி வந்தது. மூன்று மணிச் சடங்குக்குக் கோயில் நிறைந்திருந்தது. சிலுவையை வாய்வைத்து முத்தி செய்ய ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மணிக்கயிறு தொங்கும் பக்கக் கதவுக்கு அருகே நான் முழங்காலில் இருந்தேன். எனக்கு முன்னால் இன்னாசி.

வெளிச்சம் மங்கியது. கதவு வழியாக மஞ்சு உள்ளே வந்து தரையோடு பரவியது. கூடவே ஒரு வாசம். ஈர மண்ணும், அப்போதுதான் பிடுங்கிய பூண்டும்.

வெளியே யாரோ இருமினார்கள்.

"மணிக்காரரே."

பெண் குரல். ரொம்பத் தாழ்ந்து, பொறுமையாக.

"இன்னைக்கும் அடிக்கலீங்களா?"

இன்னாசியின் முதுகு நிமிர்ந்தது. அதைக் கேட்டது நான் மட்டுமில்லை. என் பக்கத்தில் இருந்த குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தது.

இன்னாசி எழுந்தார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து இழுத்தார்.

பெரிய வெள்ளியில் மணி! கோயிலே திரும்பியது. பீடத்தின் முன்னால் சாமியார் சிலுவையைப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்றார். யாரோ "நிறுத்துய்யா" என்று அதட்டினார்கள். இன்னாசி காதில் வாங்கவில்லை.

கூழாங்கல்லில் காலடி கேட்டது. வெறுங்கால். மெதுவாக நெருங்கி, கதவு நிலையில் நின்றது.

அங்கே ஆள் இல்லை.

நிலைக்கல்லில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்தா" என்றார் இன்னாசி. கை மணியை இழுத்தது, கண்ணில் நீர் ஓடியது. "தப்பு பண்ணிட்டேன் ஆத்தா. என் சாமி பாத்துக்கும்னு ஒன்னைய விட்டுட்டேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

 குளிர் என்னைக் கடந்து உள்ளே போனது. போகிற போக்கில் குரல் கேட்டது.

"பின்னால ஆளுங்க வாராங்க. கையை எடுத்துறாதீங்க."

பிறகு அவர்கள் வந்தார்கள்.

ஒன்றல்ல, இரண்டல்ல. சின்னக் கால்கள், தடியூன்றி வந்த கால்கள். யார் யார் எப்போது அந்தப் பள்ளத்தில் விழுந்தார்களோ, எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு மணியடிக்கும் ஒரு காலடி நிலையைத் தாண்டியது. காலியாக இருந்த கடைசிப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முனகின. ஜனங்கள் மற்றக் கதவு வழியாக ஓடிவிட்டார்கள். நான் ஓடவில்லை. தைரியமெல்லாம் இல்லை, பெஞ்சுக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தி சாயும்வரை அடித்தார். கயிறு சிவந்துவிட்டது. மஞ்சு விலகியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவ ஏதும் சொன்னாளா டீச்சரம்மா?"

சொன்னாள் என்று பொய் சொல்லியிருக்கலாம். நான் வாய் திறப்பதற்குள் அவர் தலை சரிந்துவிட்டது.

சாமியார் உயிர் போகிற நேரத்து எண்ணெயை எடுத்துவந்து அவசர அவசரமாக அவஸ்தை பூசினார்; அதற்குள் இன்னாசி போய்விட்டார். மறுநாள் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "பெரிய வெள்ளியில மணி அடிச்சது குத்தம்தான். பாவசங்கீர்த்தனம் பண்ண நேரமில்லாமப் போச்சு." ஆக, மன்னிக்கத் தக்க ஒரு பாவம் இன்னாசிக்குக் கடைசியில் கிடைத்தது, மன்னிப்பு கிடைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வெகுநேரம் அழுதேன்.

பாஸ்கு முடிந்து பள்ளி திறந்தது. காலையில் மஞ்சு இறங்கியது. புது கோயில்பிள்ளை இன்னும் வரவில்லை, பாதையில் உயிருள்ள ஜனங்களும் இருப்பார்களே என்று நானே போய்க் கயிற்றைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. பாதை கடைசித் திருப்பம்வரை பளிச்சென்று தெரிந்தது. கையை எடுத்தேன்.

மணி நிற்கவில்லை.

கயிறு என் முன்னால் இறங்கியது, ஏறியது. ஒரு அடி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும் அண்ணே" என்றேன். "எல்லாரும் வந்துட்டாங்க. நிறுத்துங்க."

கயிறு நின்றது. யாரோ மூச்சுவிடுவது கேட்டது. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். ஆண்டவர் மன்னிப்பார் என்றேன். மன்னித்துவிட்டார் என்றேன்.

மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டார். நான் சொல்லி என்ன? சொல்ல வேண்டியவள் நானில்லை.