தானாகத் தொடங்குபவை

கண் விழித்ததும் அவள் மணி கேட்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அந்தக் கேள்வியில்தான் பொழுது விடியும். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, மணி என்னாச்சு?" என்பாள் அவன் மனைவி. "கண்ணை எங்கயாவது அடகு வச்சிட்டியா?" என்று அவனும் தவறாமல் கேட்பான். இன்று ஜன்னல் வழியே வெயில் படுக்கை வரைக்கும் வந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மாடி வீட்டுக்காரர் வழக்கம்போல நாற்காலியைத் தரையோடு இழுத்தார், மூலையிலிருந்த கம்ப்யூட்டரின் மேல் தூசு வெயிலில் மினுங்கியது. அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

கோபம் போலிருக்கிறது என்று அவன் நினைத்தான். கோபப்பட ஒன்றும் நடக்கவில்லை. சொல்லப்போனால் நேற்று அவள் கேட்டதைத்தான் செய்து கொடுத்திருந்தான். அவனுக்குத் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். அவள் வீட்டிலிருந்தபடியே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். படுக்கையறை மூலையில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அவள் வைத்த பெயர் மகாராஜா. சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் மகாராஜா கண் திறந்திருக்க மாட்டார்.

"ஊர்ல இருக்கற மெஷினையெல்லாம் ஓட வைக்கிறீங்க. வீட்ல இருக்கறதுக்கு மட்டும் டாக்டர் வர மாட்டேங்கறாரு" என்று நேற்று மாலை அவள் இடித்துக் காட்டியதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

உட்கார்ந்து பார்த்தான். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் யாரும் கூப்பிடாமல் தானாக எழுந்து ஓடும் புரோகிராம்களின் வரிசையைத் திறந்தால், சத்திரம் மாதிரி ஒரே கூட்டம். பாட்டுக் கேட்பதற்கு ஒன்று, என்றோ தூக்கிப்போட்ட பிரிண்டருக்கு ஒன்று, அப்டேட் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க நாலைந்து. எல்லாவற்றையும் நிறுத்தினான். தேவைப்படும்போது நாமே தொடங்கிக்கொள்ளலாம், அதனால் நஷ்டமொன்றும் இல்லை. கடைசியில் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் இல்லை, படம் இல்லை, யார் செய்தது என்கிற இடமும் வெறுமை. நிறுத்தினால் அடுத்த நிமிடம் திரும்பவும் ஓடியது. மறுபடி நிறுத்தினான். மறுபடி ஓடியது. அவனோடு மல்லுக்கட்டிய மெஷின் இதுவரை எதுவுமில்லை. அது எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து, வேரோடு அழித்துவிட்டான்.

வாடிக்கையாளர் மெஷின் என்றால் காப்பி எடுக்காமல் ஒரு ஃபைலைத் தொட மாட்டான். இது வீட்டு மெஷின்தானே.

அதன் பிறகு மகாராஜா கண் சிமிட்டும் நேரத்தில் எழுந்தார். அந்த ஜோரில், பல மாதமாகப் போடாமல் வைத்திருந்த அப்டேட்டுகளையெல்லாம் இறக்கி ஏற்றினான். "பாத்தியா?" என்று திரும்பியபோது அவள் தூக்கம் வருகிறது என்று அப்போதே படுத்துவிட்டிருந்தாள்.

"என்னம்மா, எழுந்திருக்கலையா?" என்றான் இப்போது.

அவள் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எழுந்திரு."

உடனே எழுந்தாள். எழுந்து கட்டிலருகே நின்றாள்.

"போய்ப் பல்லைத் தேய். பிள்ளைங்க வந்துடும் கிளாஸுக்கு."

போனாள். அவன் சட்டையைத் தேடி எடுத்து, பித்தானைப் போட்டு, கடைச் சாவியைத் தேடினான். குளியலறையில் பிரஷ் ஓடும் சத்தம் நிற்கவில்லை. குழாயும் நிற்கவில்லை. ஒரே சீராக, ஒரே இடத்தில், பல்லில் ஈறில் பல்லில் ஈறில் என்று அந்தச் சத்தம் சுவர் வழியே வந்துகொண்டேயிருந்தது. எட்டிப் பார்த்தான். வாஷ்பேசினில் நுரை சிவப்பாக ஓடியது. கண்ணாடியில் அவள் தன்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு நேராக முகம் இருந்தது, அவ்வளவுதான்.

"போதும், நிறுத்து!"

நிறுத்தினாள். கை பிரஷோடு அப்படியே நின்றது.

அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான். அவளுடைய அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் மனைவி ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்பாமல் கிடந்த நாட்களில், உள்ளே அவளையும் வெளியே இவனையும் பார்த்துக்கொண்டது அக்காதான்.

"அவகிட்ட குடுங்க, நான் பேசறேன்" என்றாள் அக்கா.

போனை அவள் காதில் வைத்தான். அவள் பேசவில்லை. "பேசு" என்று மெல்லச் சொன்னான்.

"சொல்லுக்கா. நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க?" என்றாள் அவள். குரல், இழுப்பு, எல்லாம் அவளுடையதே. அதற்கு மேல் நின்றுவிட்டது. "பேசு" என்றான். "சொல்லுக்கா. நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்க?"

"நல்லாத்தானே பேசறா. ரெண்டு பேரும் சண்டையா? எனக்கு டூட்டி இருக்கு, மத்தியானம் வரேன்" என்று அக்கா வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தான். அவள் கண் இமைக்கவில்லை. வெள்ளை விழி காய்ந்து சிவந்திருந்தது. "கண்ணை மூடு" என்றான், மூடினாள். "திற." திறந்தாள். சொன்னால் செய்கிறாள். சொல்லாவிட்டால் எதுவும் தானாக நடப்பதில்லை.

அவன் தலை மெதுவாக மூலைப் பக்கம் திரும்பியது.

நேற்று அந்தப் பெயரில்லாத ஃபைலை அழிக்குமுன் அது உண்டான தேதியைப் பார்த்திருந்தான். பார்த்தும் மனதில் வாங்கவில்லை. போன வருஷம், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், அதிகாலை. துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், இந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு அழுத காலை. 'எப்படியாவது எழுந்திருச்சிடு, எப்படியாவது' என்று இந்தத் திரையைப் பார்த்துத்தான் கதறினான். எதிரில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் அக்கா போனில் கூப்பிட்டாள். "கண்ணைத் திறந்துட்டா தம்பி! மணி கேக்கறா!"

அவன் பாய்ந்து போய்ச் சுவிட்சைத் தட்டினான். அழித்த ஃபைல் உடனே போய்விடாது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வரை டிஸ்க்கில்தான் கிடக்கும். கடைக்கு அழுதுகொண்டு வருகிறவர்களிடம் தினமும் இவன் சொல்வது: அழிஞ்சுதுன்னா மேல எதையும் ஏத்தாதீங்க, அப்படியே கொண்டாங்க. நேற்று இவன் என்ன செய்தான்? அத்தனை அப்டேட்டையும் அதன் தலையிலேயே கொண்டுபோய்க் கொட்டினான்.

மீட்கும் சாஃப்ட்வேரைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினான். டிஸ்க் கரகரவென்று தேட ஆரம்பித்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினான். அவள் உதடு நீலமாக இருந்தது.

மார்பு அசையவில்லை.

"மூச்சு விடு!"

ஒரு மூச்சு. ஒன்றே ஒன்று. பிறகு நின்றது.

"மூச்சு விடு. விட்டுட்டே இரு! விட்டுட்டே இரு!"

அது அவளுக்குப் புரியவில்லை. ஒரு முறை சொன்னால் ஒரு மூச்சு, அதுதான் கணக்கு. படுக்க வைத்தான். நெஞ்சில் கை வைத்தால் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. எதுவரை என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஒரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான்.

"பேஷன்ட்டுக்கு என்ன சார்?"

"மூச்சு இல்ல. மூச்சு விடு. இருக்கு, ஆனா, மூச்சு விடு, சீக்கிரம் வாங்க!"

"சார், நீங்க பதட்டப்படாதீங்க. வண்டி பாலத்துல நிக்குது, நெரிசல். வந்துடும்."

மெஷின் பக்கம் போனால் கட்டிலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். போனான். மூச்சு விடு. பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம். திரையில் துண்டு துண்டாகப் பெயரற்ற எதெதுவோ வந்தன. அது இல்லை. மூச்சு விடு. அதுவும் இல்லை. டிஸ்க்கிலிருந்து சூடான தூசு வாசனை வந்தது. மூச்சு விடு. தேதியை மட்டும் பார். போன வருஷம். அதிகாலை.

கிடைத்தது.

முக்கால்வாசி. மீதியை அப்டேட் தின்றுவிட்டது. எந்தக் கால்வாசி போனது என்று யாருக்குத் தெரியும்? மூச்சு விடு. அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். தானாகத் தொடங்கும் வரிசையில் சேர்த்தான். இரண்டு முறை தப்பாக அழுத்தினான். மூச்சு விடு. ரீஸ்டார்ட் கொடுத்தான்.

திரை கறுத்தது. ஃபேன் நின்றது. அறையில் அவன் குரல் மட்டும்.

"மூச்சு விடு."

"மூச்சு விடு, என் தங்கமே. வந்துடும். இதோ வந்துடும்."

திரையில் வெளிச்சம் வந்தது. சின்ன வட்டம் சுற்றியது. மகாராஜா பழையபடி மெதுவாக, மிக மெதுவாக எழுந்தார். அந்த மந்தத்தைப் பார்க்க அவனுக்கு உயிரே வந்தது. ஓடுகிறது. அது ஓடுகிறது. இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு என்று சொல்லக்கூட மறந்து, சுற்றும் வட்டத்தையே பார்த்தான்.

வட்டம் நின்றது.

"ஏங்க, மணி என்னாச்சு?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பீறிட்டன. மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பழக்கம் விடாமல் கேட்டான்.

"கண்ணை எங்கயாவது அடகு வச்சிட்டியா?"

"விளையாடாதீங்க" என்றாள் அவள். "ஒண்ணும் தெரியலைங்க. இங்க ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?"

அவன் திரும்பினான்.

கட்டில் முழுக்க வெயில். அவள் முகத்தில் வெயில், திறந்த கண்ணுக்குள் வெயில். உதடு கறுத்திருந்தது. அது அசையவில்லை.

"மூச்சு விடு" என்றான். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னான். "மூச்சு விடு!"

மூச்சு வந்தது. நீளமாக, நிம்மதியாக, அவளுடைய மூச்சு. மேஜை மேல், அவன் முழங்கையருகே, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் கறுப்புத் துணி புடைத்து அடங்கியது.

கட்டிலில் எதுவும் அசையவில்லை.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் திரும்பியது.

"ஏங்க" என்றாள் துணிக்குப் பின்னாலிருந்து. "கையைக் காலை அசைக்க முடியலைங்க. லைட்டைப் போடுங்களேன்."