கரையேறாத வலை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் மூவரும் கடற்கரைக் கிடங்கைத் திறந்தபோது பனி விலகியிருக்கவில்லை. முன்பு உயிர்காப்பாளர்கள் தங்கிய ஒற்றை அறை அது. சாக்கு, கையுறை, தொங்குதராசு எல்லாம் அங்கேதான் கிடக்கும். உள்ளே எப்போதும் ஈரத்துணி நாற்றம்.

மூவர் என்றால் நான், என் தங்கை, லேப் அண்ணன். நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், தங்கை தையற்கடையில். அவர் ரத்தம் பரிசோதிக்கிறவர், அதனால் அந்தப் பெயர். கரையில் நூறு மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் கம்பு நட்டிருக்கிறோம். அதற்குள் ஒதுங்கும் குப்பையை மாதாமாதம் பொறுக்கி, வகை பிரித்து, எண்ணி, கணக்கைக் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவோம். எங்களைப் போல வேறு பல கரைகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

போன வருடம் வரை நாங்கள் நால்வர். தபால்காரர் ஒருவர் இருந்தார். "கடல் போடுற தபாலுக்கு முகவரியே கிடையாது, அதையும் நான்தான் பிரிக்கணும்" என்று சிரிப்பார். ஒரு நாள் பாறையில் சிக்கிய வலையை எடுக்க இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் இறங்கினார். கயிற்றின் மறுமுனை லேப் அண்ணன் கையில். நானும் தங்கையும் சத்தம் கேட்டுக் கிடங்கிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கயிறு அறுந்துவிட்டது என்றார் அண்ணன். உடல் கிடைக்கவில்லை. தபால்காரரின் மனைவி இன்னமும் அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க வா."

இரண்டாவது கம்புக்குப் பக்கத்தில் தங்கை குனிந்து நின்றாள். மணலிலிருந்து உள்ளங்கை அளவுக்குப் பச்சை வலை நீட்டிக்கொண்டிருந்தது. கடலில் தொலைந்த வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பேய்வலை என்போம். விட்டுவிட்டுப் போக முடியாது.

மூவரும் பிடித்து இழுத்தோம். மூன்று மீட்டர் வந்தது. பத்து வந்தது. நண்டு ஓடுகள், ஒரு பறவையின் சிறகு, பாட்டில் மூடிகள். மீன் அழுகிய நாற்றம் இல்லை. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம்.

நாற்பது மீட்டரில் நின்றுவிட்டது.

பிறகு, ஒரு சாண் உள்ளே போனது.

அலை இழுத்திருக்க வழியில்லை. கடல் வற்றி வெகுதூரத்தில் கிடந்தது.

"மணல் உள்வாங்குது, அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

மறுபடி இழுத்தது. இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நீள இழுப்பு.

தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நீரில் இறங்குகிறவர் கயிற்றை இழுத்து 'என்னை மேலே தூக்கு' என்று கரைக்குச் சொல்லும் அடையாளம் அது. நாங்களே வைத்துக்கொண்டது. எங்கள் நால்வரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

இரண்டு சின்னது. ஒரு நீளம்.

லேப் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் இழுத்தான். விடாம இழுத்தான். என்னையும் பாறை விளிம்புக்குக் கொண்டுபோயிடுச்சு..."

"கயிறு அறுந்துடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணா?" என்று கேட்டேன்.

"அறுத்தேன்மா."

தங்கை கிசுகிசுத்தாள். "அப்புறம் பேசிக்கலாம். எழுந்திருங்க, போயிடலாம்."

அவர் எழுந்தார். கிளம்பவில்லை. வலையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுக்க ஆரம்பித்தார். காலடியில் மணல் குழம்பாக இளகியது. அவர் முழங்கால் வரை உள்ளே இறங்கினார். பிறகு தொடை வரை. நாங்கள் இருவரும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டோம். மறுபக்கத்து பலம் மனித பலமாக இல்லை. சாக்கு அறுக்கும் கத்தி என் பையில் இருந்தது. எடுத்துவிட்டேன்.

"அறுத்துடு அக்கா!"

"அறுக்காத" என்றார் அண்ணன். மார்பு வரை போயிருந்தார். "ஒருத்தன அறுத்தது போதும்."

கத்தியை வலையில் வைத்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். கை ஓடவில்லை.

அவ்வளவு நேரம்தான்.

மணல் மூடிக்கொண்டது. மேலே ஒரு சுவடு இல்லை, துடைத்துவிட்ட தரை மாதிரி மினுங்கியது.

போலீஸ் இரண்டு நாள் தோண்டியது. ஆறடியில் பாறை தட்டியது. வலையும் இல்லை, ஆளும் இல்லை. அலை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். நாங்கள் மறுக்கவில்லை. தபால்காரரின் மனைவியிடம் மட்டும் போய் உள்ளதைச் சொன்னோம். மடித்த சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தடவ அவர் விடலையா?"

"விடலங்க."

தலையாட்டிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. மூன்று வாரம் கழித்து, மருந்துக்கடையில் இருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. வேறொரு கரையில் குப்பை எண்ணும் குழு. எழுநூறு கிலோமீட்டர் தள்ளி. அவர்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை, ஆராய்ச்சி நிலையத்தில் என் எண்ணை வாங்கியிருக்கிறார்கள்.

'அக்கா வணக்கம். இங்க மணல்ல ஒரு வலை மாட்டியிருக்கு. நாங்க இழுத்தா, உள்ளேருந்து ரெண்டு பேர் மாத்தி மாத்தி இழுக்குற மாதிரி இருக்கு. நீரோட்டம்தானே? அஞ்சு பேர் பிடிச்சிருக்கோம். என்னமோ தெரியல, விட மனசே வரல.'

உடனே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.